நிலம் கேட்கும் கேள்வி: அலிஸ்டர் மெக்கன்சியும் கோல்ஃப் மைதான வடிவமைப்பும்

கிரிக்கெட் ஆடுகளம் உலகத்தில் எங்கே போனாலும் 22 கஜம்தான். டென்னிஸ் கோர்ட்டும் அப்படியே. சென்னையில் என்ன அளவோ லண்டனிலும் அதே அளவு. சதுரங்கப் பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோல்ஃப் மட்டும் வேறு மாதிரி. பந்து விழ வேண்டிய குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று விதி சொல்லும். அந்தக் குழியை எந்த இடத்தில் தோண்டுவது, அதற்குப் போகும் வழி நேராக இருக்குமா வளைந்து போகுமா, நடுவில் ஓடை குறுக்கிடுமா, தரை எந்தப் பக்கம் சரியும் என்பதையெல்லாம் விதிப்புத்தகம் சொல்லாது. யாரோ ஒருவர் அந்த நிலத்தில் பலமுறை நடந்து, நின்று பார்த்து, யோசித்து முடிவு செய்கிறார். அவர்தான் கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர்.

இது ஒரு தனித் தொழிலாக உருவெடுத்து நூறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. அதை உருவாக்கிய முதல் தலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு டாக்டர். போர்முனைக்கு மருத்துவராகப் போனவர், எதிரிகள் பதுங்குகுழி வெட்டியிருந்த விதத்தைக் கவனித்து, அங்கே கற்ற பாடத்தைப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார். பெயர் அலிஸ்டர் மெக்கன்சி. வருடா வருடம் ஏப்ரலில் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே மாஸ்டர்ஸ் போட்டி, அது நடக்கும் அகஸ்டா நேஷனல் மைதானம் அவரும் பாபி ஜோன்ஸும் சேர்ந்து வடிவமைத்தது. கோல்ஃப் மைதானம் என்றால் என்ன, அதில் 'வடிவமைக்க' என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் சில சொற்கள். ஒரு மைதானத்தில் பொதுவாக 18 குழிகள். 'ஒரு குழி' என்று கோல்ஃப் ஆடுபவர்கள் சொன்னால் தரையில் இருக்கும் ஓட்டையை மட்டும் குறிப்பதில்லை. முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழும் ஓட்டை வரைக்கும் உள்ள மொத்தத் தூரமும் ஒரு குழிதான். தொடங்கும் இடம் டீ. நடுவில் ஒட்ட வெட்டிய புல் வழி ஃபேர்வே. கடைசியில் கம்பளம் மாதிரி இன்னும் ஒட்ட வெட்டிய புல் பரப்பு கிரீன். ஓட்டையும் கொடிக்கம்பும் அங்கேதான் இருக்கும். வழியில் ஆங்காங்கே வரும் மணல் பள்ளங்கள் பங்கர். ஒரு குழியை நன்றாக ஆடுபவர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்குக்குப் பெயர் பார். அது 3, 4, 5 என்று தூரத்தைப் பொறுத்து மாறும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆடும் காற்றும் வரைந்த மைதானம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர். அங்கே உள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தை வரைந்தது இன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. கடல் பின்வாங்கி விட்டுப்போன மணல் நிலம். காற்று மணலைக் குவித்து மேடாக்கியது. குளிர்காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த இடங்கள் தேய்ந்து பள்ளமாயின. அவைதான் பங்கர்களின் ஆதி வடிவம் என்பார்கள். முயல்கள் புல்லைக் கொறித்துக் கொறித்துக் கட்டையாக வைத்திருந்தன. மனிதர்கள் வந்து அதில் பந்தைத் தட்டி விளையாடினார்கள், அவ்வளவுதான். 1764-இல் அங்கே சில குழிகளை ஒன்றாகச் சேர்த்ததால் 22 என்பது 18 ஆனது. உலகம் முழுக்க 18 என்ற எண் நிலைத்தது அப்புறம் வந்த கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பிடித்து இந்த ஆட்டம் இங்கிலாந்துக்குள் பரவியது. கடற்கரை இல்லாத ஊர்களிலும் மைதானம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஓல்ட் டாம் மோரிஸ் போன்ற அனுபவசாலி ஆட்டக்காரர் ஒருவரை அழைப்பார்கள். அவர் வந்து நடந்து பார்த்து, டீ இங்கே, கிரீன் அங்கே என்று குச்சி நட்டுவிட்டு மாலை ரயிலில் ஊர் திரும்புவார். மோரிஸ் அபாரமான கண் உள்ளவர். நல்ல நிலம் கிடைத்தபோது அருமையான மைதானங்களை அடையாளம் காட்டினார். ஆனால் களிமண் வயலிலும் தட்டையான மேய்ச்சல் நிலத்திலும் இந்த முறை எடுபடவில்லை. இயற்கையான மேடு பள்ளம் இல்லாத இடத்தில் ஃபேர்வேயின் குறுக்கே சுவர் மாதிரி மண்ணைக் குவித்து, அதன் முன்னால் ஒரு மணல் வாய்க்காலை வெட்டினார்கள். பார்ப்பதற்கு ரயில் தண்டவாளக் கரை போல இருக்கும். அதைத் தாண்டி அடிக்க முடிந்தவர் போகலாம். முடியாதவர் ஒவ்வொரு குழியிலும் மணலில் விழுந்து எழ வேண்டியதுதான்.

இந்த அமைப்பைத் தண்டிக்கும் வடிவமைப்பு என்று சொல்லலாம். யாரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள். பந்தை 200 கஜம் பறக்கவிடுபவருக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அறுபது வயதுக்காரருக்கும் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கும்தான் அடி. ஏற்கெனவே கஷ்டப்படுகிறவரையே மேலும் கஷ்டப்படுத்தும் மைதானம் அது. மெக்கன்சியின் கோபம் முழுவதும் இதன் மேல்தான்.

நார்மன்டனில் பிறந்த டாக்டர்

மெக்கன்சி 1870-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நார்மன்டன் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வழியில் ஸ்காட்லாந்து வேர். அப்பாவும் டாக்டர். சின்ன வயதில் கோடை விடுமுறைகளை ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் கழித்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, லீட்ஸ் பகுதியில் தொழில் செய்தார். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. ராணுவ மருத்துவராக அங்கே போனார்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் பலமும் ஆயுத பலமும் அதிகம். எதிரே இருந்தவர்கள் போயர்கள், அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர். அவர்களில் பலர் விவசாயிகள். ஆனாலும் பிரிட்டிஷார் திரும்பத் திரும்ப அடி வாங்கினார்கள். ஏன் என்று மெக்கன்சி யோசித்தார். போயர்கள் நிலத்தைப் படித்தவர்கள். இயற்கையாக இருக்கும் மறைவை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மறைவு இல்லாத இடத்தில் தாங்களே உண்டாக்கினார்கள், இயற்கையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த பதுங்குகுழி பல நேரம் பொய்க்குழி. துப்பாக்கி வெடிப்பது நாம் எதிர்பார்க்காத வேறொரு புதரிலிருந்து. மனிதக் கண் நிலத்தை எப்படி வாசிக்கிறது, எங்கே ஏமாறுகிறது என்ற பாடத்தை அவர் அங்கே கற்றார்.

திரும்பி வந்தவருக்கு மருத்துவத்தில் மனம் ஒட்டவில்லை. லீட்ஸுக்கு அருகில் அல்வுட்லி என்ற இடத்தில் 1907-இல் ஒரு கோல்ஃப் கிளப் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். மைதானத்தை எப்படி அமைக்கலாம் என்று வரைபடம் போட்டார், களிமண் போன்ற பொருளில் கிரீன்களின் மாதிரி செய்து வைத்தார். கிளப்பின் மற்றவர்களுக்குச் சந்தேகம். கிரீன் என்றால் தட்டையாகத்தானே இருக்க வேண்டும், இவர் அலை அலையாக வரைகிறாரே என்று. அந்த நேரத்தில் ஆலோசனைக்கு வந்தவர் ஹாரி கோல்ட். வழக்கறிஞராகப் படித்துவிட்டு முழுநேர வடிவமைப்பாளராக மாறிய அவர் அன்றைக்கு இந்தத் துறையில் முன்னணி ஆள். மெக்கன்சியின் வரைபடங்களைப் பார்த்தார். தானும் இதே திசையில்தான் யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அல்வுட்லி மெக்கன்சி நினைத்தபடியே உருவானது. அடுத்து பக்கத்திலேயே மூர்டவுன். அமெரிக்க அணியும் பிரிட்டிஷ் அணியும் மோதிய ரைடர் கோப்பைப் போட்டி 1929-இல் முதல்முறையாகப் பிரிட்டிஷ் மண்ணில் நடந்தது அந்த மூர்டவுனில்தான்.

ஒரே குழி, ஐந்து வழி

1914-இல் 'கன்ட்ரி லைஃப்' என்ற பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. இரண்டு அடியில் கிரீனைத் தொடக்கூடிய மிகச் சிறந்த குழி ஒன்றை வரைந்து அனுப்ப வேண்டும். மெக்கன்சியின் படத்துக்குப் பரிசு கிடைத்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களின் முன்னோடியான சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கட்டிய லிடோ மைதானத்தின் கடைசிக் குழியை அந்தப் படத்தைத் தழுவி அமைத்தார். மெக்கன்சியின் பெயர் அட்லாண்டிக்கைக் கடந்தது அப்போதுதான்.

அந்தப் படத்தில் என்ன விசேஷம்? டீயிலிருந்து கிரீனுக்கு ஐந்து வழிகள் இருந்தன. ஒரே குழி, ஆனால் அவரவர் வலிமைக்கும் துணிச்சலுக்கும் ஏற்ப வெவ்வேறு பாதை. நவீன கோல்ஃப் வடிவமைப்பின் மையக் கருத்து இதுதான். கொஞ்சம் நின்று, ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

400 கஜம் நீளமுள்ள ஒரு குழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்வே விசாலமாக இருக்கிறது. இடது பக்கம், டீயிலிருந்து சுமார் 220 கஜத்தில் ஒரு பங்கர். வலது பக்கம் முழுக்கத் தாராளமான புல்வெளி. முதல் பார்வைக்கு யாராக இருந்தாலும் வலது பக்கம் அடிக்கத்தான் நினைப்பார். ஆனால் தூரத்தில் இருக்கும் கிரீனைக் கவனியுங்கள். அதன் வலது முன்பக்கத்தை இன்னொரு பங்கர் மறைக்கிறது. தரையும் வலமிருந்து வருகிற பந்தை ஏற்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்படி சரிந்திருக்கிறது. கிரீனின் கதவு திறந்திருப்பது இடது பக்கமாக மட்டும்.

இப்போது விளையாட்டு மாறிவிட்டது. முதல் அடியில் அந்த இடது பங்கரை உரசிக்கொண்டு போகிற துணிச்சல் இருந்தால், இரண்டாவது அடி சுலபம். பயந்து வலது பக்கம் ஒதுங்கினால் பந்துக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் இரண்டாவது அடி மகா கஷ்டம். சரி, 150 கஜம்தான் அடிக்க முடியும் என்கிறவர்? அந்தப் பங்கர் அவருக்கு எட்டவே எட்டாது. அவர் பாட்டுக்கு நடுவில் அடித்து, இரண்டாவதில் கிரீனுக்கு முன்னால் கொண்டுவந்து, மூன்றாவதில் கிரீனில் ஏற்றி, ஐந்தில் சந்தோஷமாக முடிப்பார். ஒரு நல்ல நாளில் நாலிலும் முடிப்பார். பங்கர் அங்கே இருப்பது அவருக்காக வைத்ததில்லை. தன்னால் முடியும் என்று நினைப்பவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதற்காக வைத்தது.

கிரிக்கெட்டில் ஒரு நல்ல சுழற்பந்து வீச்சாளர் கவர் திசையில் ஆளே வைக்காமல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளி ஓர் அழைப்பு. 'வா, டிரைவ் அடி' என்கிறது. அடித்தால் நாலு ரன். தவறினால் ஸ்லிப்பில் கேட்ச். கோல்ஃப் வடிவமைப்பாளர் செய்வதும் அந்தக் களவியூகம்தான். ஒரு வித்தியாசம், அவருடைய ஆட்கள் நகர மாட்டார்கள். ஒருமுறை நிறுத்தினால் ஐம்பது வருடம் அங்கேயே நிற்பார்கள். எல்லா விதமான ஆட்டக்காரருக்கும், எல்லாக் காற்றுக்கும், ஈரத் தரைக்கும் காய்ந்த தரைக்கும் சேர்த்து அவர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

இதற்கு மூலம் எங்கே என்றால், மறுபடியும் செயின்ட் ஆண்ட்ரூஸ். ஆடும் காற்றும் அமைத்த அந்த மைதானத்தை மெக்கன்சி திரும்பத் திரும்பப் படித்தார். அதன் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அளந்து அவர் வரைந்த வரைபடம் 1924-இல் வெளியானது. இன்றைக்கும் கிளப் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே 14-ஆம் குழியில் 'ஹெல்' என்ற பெயருள்ள பிரம்மாண்டமான பங்கர் ஒன்று வழியில் கிடக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் போவதா, அந்தப் பக்கம் சுற்றுவதா, தாண்டியே அடிப்பதா என்பது அன்றைய காற்றையும் ஆடுபவரின் மனநிலையையும் பொறுத்தது. முதன்முறை ஆடும் பலருக்கு ஓல்ட் கோர்ஸ் பிடிக்காது. குழப்பமாக இருக்கிறது, நியாயமில்லை என்பார்கள். பத்தாவது முறை ஆடுபவர் அதை விட்டுப் போக மாட்டார். எடுத்த எடுப்பிலேயே எல்லோரும் பாராட்டுகிற குழியை மெக்கன்சி கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

கண்ணை ஏமாற்றும் கலை

முதல் உலகப் போர் வந்தபோது அவர் மறுபடி ராணுவ மருத்துவராகத்தான் சேர்ந்தார். சீக்கிரமே பொறியாளர் படைக்கு மாறி, உருமறைப்பு வேலைக்குப் போய்விட்டார். பதுங்குகுழிகளை எப்படி வெட்டினால் எதிரியின் கண்ணுக்குத் தெரியாது என்று ராணுவத்துக்குக் கற்றுக்கொடுத்தார். கோல்ஃப் மைதானம் அமைப்பதும் உருமறைப்பும் ஒரே கலையின் இரண்டு பக்கம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

எப்படி? அவருடைய பங்கர்களின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். விளிம்பு நேர்கோடாகவோ முழு வட்டமாகவோ இருக்காது. மேகத்தின் ஓரம் போல, கடல் அரித்த கரை போல உள்ளும் வெளியுமாகப் போகும். இயற்கையில் நேர்கோடு அபூர்வம்; நேர்கோட்டைப் பார்த்ததும் கண் 'இது மனிதன் செய்தது' என்று கண்டுபிடித்துவிடும். அதேபோல, மண்ணைக் குவித்து மேடு செய்கிறவர்கள் தரையின் மேல் ஒரு கூம்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி செய்வார்கள். மெக்கன்சியின் மேடுகள் பெரிய கடல் அலை மாதிரி அடியில் அகன்று, மெல்லத் தாழ்ந்து, பக்கத்திலேயே ஒரு பள்ளமாக மாறும். மேடு எங்கே முடிந்தது, இயல்பான தரை எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாது.

இதில் பண விஷயமும் உண்டு. செங்குத்தான மேட்டில் புல்வெட்டும் இயந்திரம் ஏறாது; கையால் வெட்ட வேண்டும், வருடம் முழுக்கக் கூலி. அலை போன்ற சரிவில் இயந்திரம் ஓடிவிடும். 1920-இல் அவர் வெளியிட்ட 'கோல்ஃப் ஆர்க்கிடெக்சர்' என்ற சின்னப் புத்தகம் மைதானத்தைச் சிக்கனமாக அமைப்பதையும் பராமரிப்பதையும் பற்றியது. அதில்தான் அவருடைய புகழ்பெற்ற 13 கொள்கைகள் வருகின்றன. பதின்மூன்றையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. 18 குழிகளும் ஒன்பது ஒன்பதாக இரண்டு சுற்றாக அமைந்து வீடு திரும்ப வேண்டும், ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் நடுவே நடை குறைவாக இருக்க வேண்டும், மேடு பள்ளம் வேண்டும் ஆனால் மலை ஏற வைக்கக் கூடாது, தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் கூடவே கூடாது என்பன போன்றவை. எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. தடையைத் தாண்டி அடிக்க வேண்டிய வீரமான இடங்கள் இருக்கலாம்; ஆனால் ஓர் அடியை விட்டுக்கொடுத்தால் பலவீனமானவரும் சுற்றிப் போக மாற்று வழி எப்போதும் இருக்க வேண்டும். அப்புறம், புதிதாக ஆடுபவர் எவ்வளவு அடி அடித்தாலும் அந்தச் சுற்றை அனுபவித்து முடிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் எழுதியது ஒரு டாக்டர் என்பதை மறக்கக் கூடாது. ஓயாமல் தன் வாசற்படி ஏறிய நோயாளிகளை வற்புறுத்திக் கோல்ஃப் ஆட அனுப்பியதாகவும், அவர்களை அதற்குப் பிறகு மருத்துவமனையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். திறந்த வெளி, நடை, மனதுக்கு ஒரு பிடிப்பு. அவருக்கு மைதானம் ஒரு மருந்து. சாதாரண ஆளை அவமானப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிற மருந்து எதற்கு ஆகும்?

மெல்பர்னிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு

போருக்குப் பிறகு கோல்ட், இன்னொரு வடிவமைப்பாளரான அலிசன் ஆகியோரோடு கொஞ்ச காலம் கூட்டாகத் தொழில் செய்து பிரிந்தார். 1926-இல் ராயல் மெல்பர்ன் கிளப் அவரை அழைத்தது. கப்பல் ஏறி ஆஸ்திரேலியா போனார். அங்கே இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் அந்த நாட்டின் கோல்ஃபையே மாற்றிவிட்டு வந்தார். மெல்பர்னின் தெற்கே மணற்பாங்கான நிலம். உள்ளூர்க்காரரான அலெக்ஸ் ரஸ்ஸல் 1924-இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றவர். மைதானப் பராமரிப்பாளர் மிக் மோர்காம் மண்ணோடு பேசத் தெரிந்தவர். மெக்கன்சி வரைபடங்களையும் விளக்கங்களையும் கொடுத்துவிட்டுக் கிளம்ப, இவர்கள் இருவரும் அவர் இல்லாமலே அதைக் கட்டினார்கள். ராயல் மெல்பர்னின் மேற்கு மைதானம் 1931-இல் திறந்தது. உலகின் மிகச் சிறந்த மைதானங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் அது இருக்கும். ஒரு வடிவமைப்பாளரின் பெருமை வரைவதில் மட்டும் இல்லை, யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று இதைப் பார்த்தால் தோன்றும்.

அமெரிக்காவில் அப்படி அமைந்தவர் மேரியன் ஹாலின்ஸ். 1921-இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன். நிலம் வாங்கி மைதானம் உருவாக்கும் தொழிலிலும் இறங்கியவர். கலிஃபோர்னியாவின் மான்டெரே தீபகற்பத்தில் சைப்ரஸ் பாயின்ட் மைதானத்தின் பின்னணியில் இருந்தது அவர்தான். முதலில் அந்த வேலைக்கு அமர்த்திய சேத் ரேய்னர் 1926-இல் இறந்துபோக, மெக்கன்சி வந்தார். அங்கே 16-ஆம் குழி இருக்கிறதே, அதன் கதை கேட்கத் தகுந்தது. பாறைக் கரையில் ஒரு டீ. எதிரே பசிபிக் கடலின் ஒரு வாய். அதற்கு அப்பால் 200 கஜத்துக்கு மேல் தள்ளி ஒரு முனை. அங்கே கிரீன் வைத்தால் அற்புதமாக இருக்கும், ஆனால் தண்ணீரைத் தாண்டி அவ்வளவு தூரம் அடிக்க முடியாதே என்று ரேய்னர் வருத்தப்பட்டிருக்கிறார். ஹாலின்ஸ் ஒன்றும் வாதாடவில்லை. ஒரு பந்தை வைத்தார், அடித்தார், கிரீன் வர வேண்டிய இடத்தின் நடுவில் போய் விழுந்தது. இந்தக் குழிக்கான பெருமை அவருக்கே என்று மெக்கன்சி எழுதி வைத்தார்.

ஆனால் அவருடைய கொள்கை அங்கேயும் விடவில்லை. கடலைத் தாண்ட முடியாதவர் இடது பக்கம் இருக்கும் நிலப்பகுதிக்குச் சின்னதாக ஓர் அடி அடித்து, அங்கிருந்து கிரீனுக்குப் போகலாம். ஓர் அடி நஷ்டம், அவ்வளவுதான். 1928-இல் திறந்த அந்த மைதானத்தின் மணல் மேடுகள், வளைந்து நிற்கும் சைப்ரஸ் மரங்கள், கடல் பாறைகள் இவற்றுக்கு நடுவே மனிதன் வெட்டிய பங்கர் எது, காற்று வெட்டியது எது என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவோம்.

அடுத்த வருடம் ஹாலின்ஸ் சாந்தா குரூஸில் பாசட்டியெம்போ என்ற மைதானத்தைத் திறந்தார். அதுவும் மெக்கன்சி வடிவமைத்ததுதான். திறப்பு விழாவில் ஆடியவர்களில் ஒருவர் பாபி ஜோன்ஸ், அன்றைய உலகின் முதல் ஆட்டக்காரர். அதே சமயத்தில் பக்கத்து பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் அவர் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தார். கையில் நாட்கள் மிச்சம். சைப்ரஸ் பாயின்டில் ஆடினார், மெக்கன்சியோடு பேசினார். இருவருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மேல் ஒரே மாதிரியான காதல். 1930-இல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே வருடத்தில் வென்று ஓய்வு பெற்ற ஜோன்ஸ், ஜார்ஜியா மாநிலத்தில் தன் கனவு மைதானத்தைக் கட்ட மெக்கன்சியைத்தான் கூப்பிட்டார்.

அகஸ்டா

நிலம் 365 ஏக்கர். முன்பு பழமரமும் பூச்செடியும் வளர்த்த நாற்றுப்பண்ணை. மெக்கன்சி வரைந்தார்; ஜோன்ஸ் டீ வர வேண்டிய இடங்களில் நின்று பந்தை அடித்துக் காட்டினார். அன்றைய வழக்கத்தில் ஒரு பெரிய மைதானத்துக்கு நூறுக்கு மேல் பங்கர் வைப்பார்கள். அகஸ்டா திறந்தபோது இருந்தவை 22 மட்டும். ஃபேர்வே அகலம், நீளப் புல் கிட்டத்தட்ட இல்லை. பார்த்தவர்களுக்கு இது சுலபமான மைதானம் என்று தோன்றியது. கஷ்டம் எங்கே இருந்தது என்றால், தரையின் சரிவில். எங்கே நின்று கிரீனை அணுகுகிறோம் என்பதில்.

13-ஆம் குழியைத் தொலைக்காட்சியில் கவனித்துப் பாருங்கள். இடது பக்கமாக வளைந்து போகும் பார் 5. இடது ஓரத்தில் ஒரு சிற்றோடை கூடவே வந்து, கடைசியில் திரும்பிக் கிரீனுக்கு முன்னால் குறுக்கே ஓடும். முதல் அடியில் ஓடையை ஒட்டிப் பந்தைப் போடுபவருக்கு மிச்ச தூரம் குறைவு, காலடியும் ஓரளவு சமம். வலது பக்கம் பத்திரமாகப் போட்டவருக்குத் தூரம் அதிகம், அதோடு பந்து காலை விட உயரமான சரிவில் கிடக்கும். அங்கிருந்து ஓடையைத் தாண்டி அடிப்பது பெரிய சூதாட்டம். வேண்டாம் என்றால் ஓடைக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவது அடியில் கிரீனுக்குப் போகலாம். நாம் மேலே பார்த்த அந்த 400 கஜக் கற்பனைக் குழியின் அதே இலக்கணம். முதல் அடியின் போது எடுத்த முடிவு இரண்டாவது அடியின் போது வந்து கதவைத் தட்டுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில், உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் அந்தச் சரிவில் நின்று இரண்டு மட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் நொடி இருக்கிறதே, அதைத்தான் மெக்கன்சி வரைந்தார்.

அதை அவர் பார்க்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். கிளப்பிடம் பணம் இல்லை. அவருடைய கட்டணத்தைக் குறைத்தார்கள், குறைத்ததையும் முழுசாகக் கொடுக்க முடியவில்லை. வேறு வேலைகளும் வற்றிப்போயின. மைதானத்தில் வேலை நடந்துகொண்டிருந்த 1932-இல் அவர் வந்ததுதான் கடைசி; புல் முளைத்துப் பசுமையாக நின்ற அகஸ்டாவை அவர் கண்ணால் காணவேயில்லை. பாசட்டியெம்போவின் 6-ஆம் குழியை ஒட்டிய வீட்டில் வாழ்ந்துவந்தவர், 1934 ஜனவரி 6 அன்று இறந்தார். அஸ்தியை அந்த மைதானத்தின் மேலேயே தூவினார்கள். பின்னாளில் மாஸ்டர்ஸ் என்று பெயர் பெற்ற போட்டி முதன்முதலாக நடந்தது அதே வருடம் மார்ச்சில். எழுதி முடித்து வைத்திருந்த இரண்டாவது புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 1995-இல்தான் அச்சேறியது.

அகஸ்டா அப்புறம் நிறையவே மாறிவிட்டது. 1935-இல் முன் ஒன்பதும் பின் ஒன்பதும் இடம் மாறின. பந்தும் மட்டையும் நவீனமாகி அடி தூரம் கூடியதால் டீக்கள் பின்னால் போயின. பங்கர்கள் இரட்டிப்பாயின. மரங்கள் நெருங்கி வந்தன. அவர் அஞ்சிய திசையில் மைதானம் சிற்சில இடங்களில் நகர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. 10-ஆம் குழி, பள்ளத்தை நோக்கி இறங்கிப் போவது. முதலில் கிரீன் கீழே தாழ்வில் இருந்தது. அங்கே தண்ணீர் தேங்கியதால் 1937-இல் பெரி மேக்ஸ்வெல் அதைப் பின்னால் இருந்த மேட்டுக்கு நகர்த்தினார். இந்த மேக்ஸ்வெல் மிச்சிகனில் கிரிஸ்டல் டவுன்ஸ் மைதானத்தை மெக்கன்சியோடு சேர்ந்து கட்டியவர். பழைய கிரீனின் பக்கத்தில் மெக்கன்சி வெட்டியிருந்த பெரிய பங்கரை அவர் தொடவில்லை. கிரீன் போய்விட, பங்கர் ஃபேர்வேயின் நடுவில் தனியாக நின்றுவிட்டது. இன்றைய ஆட்டக்காரர்களின் பந்து அதில் விழுவது அபூர்வம். அடுத்த ஏப்ரலில் பார்க்கும்போது கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் கவனியுங்கள். அகலமான வெள்ளை மணல், நடுவில் புல் நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும், விளிம்பில் ஒரு நேர்கோடு கூட இருக்காது.